ஊருக்கு ஓர் இதழ் வேண்டும்

பேராக் மாநிலத்தில் உள்ள தைப்பிங், மழைக்கும் ஏரித் தோட்டத்துக்கும் பெயர்பெற்ற அமைதியான நகரம். அந்நகருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 1893ஆம் ஆண்டிலேயே அங்கு 'ஸ்ரீ பேராக்' என்னும் மலாய் வார இதழ் ஜாவி எழுத்தில் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் 'பேராக் பயனியர்' என்னும் ஆங்கில இதழ் தோன்றியது.

ஒரு சிறிய நகரில் இதழ்கள் எவ்வாறு முளைத்தன? அக்காலத்தில் தைப்பிங் மாநிலத் தலைநகராக விளங்கியது. ஈயச் சுரங்கங்களால் வணிகம் பெருகியது. மலாயாவின் முதல் இரயில் பாதையும் 1885ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே அமைந்தது. வணிகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் செய்தி தேவைப்பட்டது. பின்னர் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயத் தொழில் ஓங்கியது. 1904ஆம் ஆண்டில் ஈப்போவில் 'டைம்ஸ் ஆப் மலாயா' தொடங்கப்பட்டது. 1937ஆம் ஆண்டில் தலைநகரும் ஈப்போவுக்கு மாறியது. வணிகமும் விளம்பரமும் செல்லும் இடத்திற்கே இதழும் செல்லும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

"இன்று புலனமும் முகநூலும் உள்ளன, ஊருக்கென இதழ் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். உள்ளூர்ச் செய்தி அவற்றில் விரைவாகப் பரவுவது உண்மைதான். ஆனால், பரவும் செய்தியை எழுதியவர் யார், அது உண்மையா என்பது பல வேளைகளில் தெரிவதில்லை. இதழில் வரும் செய்திக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பேற்கிறார். தவறு நேர்ந்தால் அவரைக் கேட்கலாம். மேலும், நூலகத்தில் பாதுகாக்கப்படும் இதழை நூறு ஆண்டுகள் கழித்தும் படிக்கலாம். கைப்பேசியில் அழிக்கப்பட்ட செய்தியை யார் தேடி எடுப்பது?

பழைய இதழ்கள் குறையற்றவை அல்ல. ஆங்கிலமோ ஜாவியோ அறியாத தமிழ்த் தொழிலாளி அவற்றில் தன் வாழ்வைத் தானே எழுதியிருக்க முடியாது. பிறர் எழுதினால்தான் அவன் செய்தி பதிவாகும், இல்லையேல் மறைந்துபோகும். எழுதப்படாதவர்களின் வரலாறு பிறர் சொல்லும் கதையாகிவிடும். இதுவே ஊர் இதழின் தேவையை மேலும் வலியுறுத்துகிறது.

ஊர் இதழுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. பள்ளித் தமிழ்க்கழகம் மாதம் ஒருமுறை நான்கு பக்க இதழ் வெளியிடலாம். மூடப்படும் கடை, இடம் மாறும் சந்தை, முதியோர் நினைவுகள் ஆகியவற்றை மாணவர்கள் விசாரித்து, சரிபார்த்து, நாளிட்டு எழுதலாம். ஒரு படியை ஊர் நூலகத்தில் சேர்க்கலாம். தம் ஊரைத் தாமே எழுதாவிட்டால், வேறு யார் எழுதுவார்?