சாம்பவானின் சொல்

தருமபுரி மாவட்டம் அரூரை அடுத்த தீர்த்தமலையில், ஸ்ரீராமபிரான் அம்பெய்து உண்டாக்கிய ராமர் தீர்த்தம் பாறையிலிருந்து வழிகிறது. சிவபூஜைக்குக் காசித் தீர்த்தம் கொணரச் சென்ற அனுமன் வரத் தாமதமானதால் இத்தீர்த்தம் தோன்றியது என்பது தலவரலாறு. அனுமன் கொணர்ந்த நீர் விழுந்த இடம், தென்பெண்ணைக் கரையில் அனுமன் தீர்த்தமாக விளங்குகிறது.

அத்தகைய அனுமனும் ஒரு சமயம் தம் ஆற்றலை மறந்திருந்தார். சீதாபிராட்டியைத் தேடிச் சென்ற வானரர்கள் கடற்கரையில் திகைத்து நின்றபோது, ஒவ்வொருவரும் தம்மால் எத்தனை யோசனை தூரம் தாண்ட இயலும் என்று கணக்குரைத்தனர். அனுமனோ ஒருபுறம் வாளாவிருந்தார்.

இன்று கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் சிலரின் நிலையும் இதுவே. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.54 விழுக்காடு. ஆகவே, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்போர் இங்கு பலர். கிராமத்துப் பள்ளியில் முதலிடம் பெற்ற பெண், நகரத்துக் கல்லூரியில் தன்னைப் போன்ற பல முதல் மாணவர்களுக்கிடையே அமர்கிறாள். பாடமோ ஆங்கிலத்தில் நடக்கிறது. முதல் பருவத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும், ‘எனக்குப் படிப்பு வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறாள். அவளது அறிவு குறையவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல்தான் மாறியது.

கல்வி உளவியல் அறிஞர் ஹெர்பர்ட் மார்ஷ் இதனை விரிவாக ஆராய்ந்தவர். ஒரே திறமையுள்ள இருவரில், வல்லவர்கள் மிகுந்த வகுப்பில் இருப்பவர் தம்மைத் தாழ்வாக மதிப்பிடுகிறார் என்று அவர் காட்டினார். நல்ல மதிப்பெண் தன்மதிப்பை வளர்க்கும். தன்மதிப்பு அடுத்த தேர்வின் மதிப்பெண்ணை வளர்க்கும் என்பதும் அவரது ஆய்வின் முடிவு. ஒன்று சரிந்தால் மற்றதும் சரியும். படிப்பைப் பாதியில் கைவிடும் எண்ணமும் அங்கேதான் முளைக்கிறது.

இவ்விடத்தில் வீட்டுப் பெரியவர்கள் செய்யத்தக்கதைச் சாம்பவான் காட்டியிருக்கிறார். அவர் வெறும் புகழ்மொழி கூறவில்லை. அனுமனின் பிறப்பையும், குழந்தைப் பருவத்திலேயே சூரியனைப் பிடிக்கத் தாவிய செயலையும் எடுத்துரைத்தார். பேத்தியிடம் ‘நீ மகா புத்திசாலி’ என்பதைவிட, ‘எட்டாம் வகுப்பில் கணக்கு வராமல் தவித்தாய்; நாள்தோறும் விடியலில் எழுந்து போட்டுப் பார்த்துத் தேறினாயே’ என்று சொல்வது பயன் தரும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை எடுத்துக்காட்டுவதோ, வானரர்களின் யோசனைக் கணக்கைப் போன்றதே. சோர்ந்திருப்பவரை அது மேலும் ஒதுங்கச் செய்யும்.

சொல் மட்டும் கடலைக் கடத்திவிடாது. அனுமனே தாவ வேண்டியிருந்தது. வழியில் சுரசையும் சிம்ஹிகையும் குறுக்கிட்டனர். ஆங்கிலம் புரியாத பிள்ளை ஆசிரியரை அணுகிக் கேட்கவும், நாள்தோறும் உழைக்கவும் வேண்டும்.

‘நாங்கள் கல்லூரி வாசலையே கண்டதில்லை, எங்களால் என்ன சொல்ல முடியும்?’ என்று தயங்கும் தாத்தா பாட்டியர் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். முதுமையால் சாம்பவானாலும் அக்கடலைத் தாண்ட இயலவில்லை. ஆயினும் அனுமன் மறந்துவிட்டதை அவர் நினைவில் வைத்திருந்தார்.