துளசியின் பங்காளி

மாசி பிறந்த பிறகு சேத்துமடை சோதனைச்சாவடியைத் தாண்டி டாப்சிலிப் பக்கம் போகிறவர்களில் பாதிப் பேர் முகம் தொங்கித்தான் திரும்புகிறார்கள். வழி நெடுக இருபக்கமும் குச்சி குச்சியாக மரங்கள், தரையெல்லாம் சருகு. "காடெல்லாம் காஞ்சு போச்சே, தண்ணி கிண்ணி விடமாட்டாங்களா?" என்று ஒரு அம்மா வனக்காவலரிடமே கேட்டார். அவர் சிரிக்கவில்லை. "அது தேக்கும்மா. இப்ப இப்படித்தான் நிக்கும். மழை விழட்டும், வந்து பாருங்க" என்றார்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பச்சையாக இருந்தால்தான் காடு என்று சினிமாவும் காலண்டரும் நமக்குச் சொல்லிவைத்திருக்கின்றன. தேக்கோடு நமக்குள்ள பழக்கமெல்லாம் நிலைக்கதவாக, ஊஞ்சல் பலகையாக, கன அடி விலையாக. மரமாக நின்று பார்த்தவர்கள் குறைவு. இந்த வாரம் விலையை விட்டுவிட்டு மரத்தைப் பேசலாம் என்றிருக்கிறேன். விலை கடைசியில் தானாக வந்து சேரும். தேக்கு என்றால் வராமல் இருக்காது.

இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நாலு நாடுகள்தான் தேக்கின் பிறந்த வீடு. அது செழிக்கும் காடுகளுக்கெல்லாம் பொதுவான சங்கதி ஒன்று உண்டு. சில மாதம் நல்ல மழை. பிறகு மூன்று முதல் ஐந்து மாதம் வறட்சி. தேக்கின் இலையோ சாதாரணமாக 30 முதல் 60 சென்டிமீட்டர் நீளம். இளங்கன்றில் அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். இத்தனை அகல இலைகளைச் சுமந்துகொண்டு மார்ச், ஏப்ரல் வெயிலில் நிற்பது நடக்காத காரியம். இலை வழியே போகிற நீரை வேரால் ஈடுகட்ட முடியாவிட்டால், தண்டுக்குள் நீர் ஏறும் குழாய்களில் காற்றுக்குமிழ் புகுந்து அடைத்துக்கொள்ளும். தேக்கின் குழாய்களில் ஒரு பகுதி வெறும் கண்ணுக்கே தெரிகிற அளவு அகலம். மழைக்காலத்தில் நீரை மடமடவென்று ஏற்ற அது வசதி. வறட்சியில் அதுவே வினை. ஆகவே மரம் இலையைக் கழற்றிவிடுகிறது. சும்மா கழற்றுவதில்லை, இலையில் இருக்கும் தழைச்சத்து, மணிச்சத்து முதலானவற்றில் எடுக்க முடிந்ததைக் கிளைக்குள் இழுத்துக்கொண்டு சக்கையைத்தான் கீழே போடுகிறது.

எல்லா மரமும் ஒரே நாளில் உதிர்ப்பதில்லை என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது. வறண்ட சரிவில் நிற்பது கார்த்திகையிலேயே தொடங்கிவிடும். ஓடைக்கரையில் நிற்பது மாசி வரை இழுத்துப் பிடிக்கும். ஒரே மலையில் ஒன்று மொட்டையாகவும் கூப்பிடு தூரத்தில் இன்னொன்று பச்சையாகவும் நின்றால், மண்ணுக்கடியில் ஈரம் எங்கே இருக்கிறது என்று இரண்டும் சேர்ந்து காட்டிக்கொடுக்கின்றன.

வீட்டோரத்தில், ரோட்டோரத்தில் தேக்கு நிற்கிறவர்கள் மழைக்காலத்தில் ஒரு தளிரைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கை சிவந்துவிடும். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை ஒரு லென்ஸில் பார்த்தால் நட்சத்திரமாகக் கிளைத்த நுண்மயிர்கள், நடுநடுவே சின்னஞ்சிறு சிவப்புப் புள்ளிகள். அவை சுரப்பிகள், இலை முற்ற முற்றக் கறுத்துப்போகும். மேல்பக்கம் ஒரே சொரசொரப்பு. இளங்கிளையை இரு விரலுக்கிடையில் உருட்ட முயன்றால் உருளாது. தண்டு நாலு பட்டையாக இருக்கும்; பட்டைகளுக்கு நடுவே நீளவாக்கில் பள்ளம். இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிற்கும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்தது தெற்கு வடக்காக.

நாலு பட்டைத் தண்டும் எதிரெதிர் இலையும் எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? முற்றத்துத் துளசியை ஒடித்துப் பார்த்தால் தெரியும். வெகுகாலம் தேக்கை நொச்சி, குமிழ் ஆகியவற்றோடு சேர்த்து வெர்பெனேசியே என்ற குடும்பத்தில் வைத்திருந்தார்கள். பூவின் அமைப்பையும் பிறகு மரபணுவையும் வைத்து உறவுமுறையைத் திரும்ப ஆராய்ந்தபோது, 1990களில் தொடங்கி இவையெல்லாம் லேமியேசியே என்ற துளசிக் குடும்பத்துக்கு மாறிவிட்டன. துளசி, தும்பை, புதினா, கற்பூரவல்லி என்று முழங்காலுக்கு மேல் வளராத ஜனங்கள் நடுவே 40 மீட்டர் உயரத்தில் ஒரு பங்காளி. பறம்பிக்குளத்தில் கன்னிமரா தேக்கு என்று ஒன்று நிற்கிறது. அடிமரம் சுற்றளவு சுமார் 7 மீட்டர். மத்திய அரசின் மகாவிருட்ச விருது 1994-95இல் அதற்குக் கிடைத்தது. அடுத்த முறை புதினாக் கட்டு வாங்கும்போது அதை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

இலை பெரிதாக இருப்பதன் பயனை நம்மவர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்புக்குப் போகும் பாணர் கூட்டத்துக்குத் தேக்கிலையில்தான் சோற்றைக் குவித்துப் போடுகிறார்கள். ஜாவாவில் பலாக்காயை மணிக்கணக்கில் வேகவைத்துச் செய்யும் 'குடெக்' என்ற பண்டத்துக்குச் சிவந்த பழுப்பு நிறம் வருவதற்குத் தேக்கிலையைப் போடுகிறார்கள். நம் உள்ளங்கையைச் சிவக்க வைத்த அதே சாறு.

பூ ஆனி, ஆடி, ஆவணியில். கிளை நுனியில், இலைகளுக்கெல்லாம் மேலே பூப்பதால் கீழே நிற்பவர் கண்ணில் படாது. மாடியில் நிற்பவருக்குத்தான் கொடுத்துவைத்திருக்கிறது. ஒவ்வொரு பூவும் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத வெள்ளைப் பூ. ஆனால் ஒரே கொத்தில் ஆயிரக்கணக்கில். நாளைக்குக் கொஞ்சமாக மலரும்; மலர்ந்த பூவுக்கு ஆயுள் ஒரு நாள். தன் மகரந்தத்தைத் தானே ஏற்பது பெரும்பாலும் கிடையாது. வேறு மரத்து மகரந்தத்தைப் பூச்சி கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அதுவும் அன்றைக்கே. விளைவு, நூறு பூவுக்கு ஒன்றோ இரண்டோ காய் பிடித்தால் அதிகம்.

மரம் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பூவால் வேறொரு தலைவலி உண்டு. நடுத்தண்டின் குருத்தே பூங்கொத்தாக மாறிவிட்டால் நேராக ஏறிவந்த மரம் அதோடு நின்றுவிடும். பக்கத்துக் கிளைகள் கவையாகப் பிரியும். எந்த உயரத்தில் முதல் பூ வருகிறதோ அதுவரைதான் நேர்க்கட்டை. தாமதமாகப் பூக்கும் மரத்துக்கு மவுசு அதனால்தான்.

காய் ஒரு வேடிக்கை. சொடக்குத் தக்காளி மாதிரி புல்லிவட்டம் காகிதப் பையாக ஊதிக்கொண்டு காயை உள்ளே ஒளித்து வைத்திருக்கும். பையைக் கிழித்தால் கம்பளி போர்த்திய ஒரு கொட்டை. கொட்டையை உடைத்தால் நாலு அறை. நாலிலும் விதை இருப்பது அபூர்வம். ஒன்றோ இரண்டோ இருக்கும், சிலதில் ஒன்றுமே இராது. இருப்பதும் லேசில் முளைக்காது. முளைத்தாலும் ஒன்றாக முளைக்காது. இந்த வருஷம் கொஞ்சம், அடுத்த வருஷம் கொஞ்சம் என்று வரும். நாற்றங்கால்காரர்கள் விதையை இரவு ஊறப்போட்டு, பகலில் வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறப்போட்டு என்று மாற்றி மாற்றிப் பாடுபடுத்துவது இதற்காகத்தான். மலபார் கலெக்டர் கொனோலி 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட இறங்கியபோது முதலில் இந்த விதையிடம்தான் தோற்றார். பிறகு சாத்து மேனோன் பொறுப்பில் நாற்றுகள் தழைத்தன. உலகின் முதல் தேக்குத் தோட்டம் என்று பெயர் பெற்ற அந்த இடத்தில் கொனோலி காலத்து மரங்கள் இன்றும் கொஞ்சம் நிற்கின்றன.

இந்த விதையின் குணம் தெரிந்த பிறகு டாப்சிலிப்பில் சொல்லப்படும் ஒரு கதை எனக்குச் சரியாக இறங்குவதில்லை. ஆனைமலைக் காடுகளை மீட்ட அதிகாரி ஹியூகோ வுட், நடக்கும்போது ஊன்றுகோலால் குழி குத்திக் குத்தித் தேக்கு விதை போட்டுக்கொண்டே போவாராம். அதுதான் இவ்வளவு காடாம். அவர் போட்டிருக்கலாம். ஆனால் குழி குத்திப் போட்ட விதையால் மட்டும் ஒரு தேக்குக்காடு வராது. நாற்றங்கால், களையெடுப்பு, தீத்தடுப்பு, அதற்குக் கை கொடுத்த மலைமக்கள் என்று எத்தனையோ வேண்டும். ஊன்றுகோல் ஒன்றுதான் கதையில் நிற்கிறது. 1933இல் காலமான வுட்டின் கல்லறை அங்கேதான், தேக்குகளுக்கு நடுவே இருக்கிறது.

முளைத்த கன்றின் பாடு இன்னும் மோசம். கோடையில் தரைத்தீ வந்தால் தண்டு கருகிவிடும். வேர் சாகாது. மழை வந்ததும் மறுபடி துளிர்க்கும், அடுத்த கோடையில் மறுபடி கருகும். வருஷா வருஷம் மேலே ஒன்றும் மிஞ்சாவிட்டாலும் கீழே வேர் பருத்துக்கொண்டே போகும். போதிய சேமிப்பு ஆனதும் ஒரு மழைக்காலத்தில் தண்டு விறுவிறுவென்று ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். அதன் பிறகு சில்லறைத் தீ எதுவும் செய்யாது. இந்தக் குணத்தைத்தான் நாற்றங்கால்காரர்கள் தொழிலாக்கிக்கொண்டார்கள். ஒரு வயது நாற்றைப் பிடுங்கி, தண்டை ஒன்றிரண்டு அங்குலம் விட்டு வெட்டி, வேரையும் ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, கட்டைவிரல் பருமன் குச்சியாக விற்பார்கள். 'ஸ்டம்ப்' என்று பெயர். செத்த கட்டை என்று நினைக்கத் தோன்றும். கடப்பாரையால் குத்திய குழியில் செருகினால் மழையில் துளிர்த்துவிடும்.

இனி கட்டை. கோடையில் மொட்டையாக நின்ற மரம் தளிர்விடும் சமயத்தில் அகலக் குழாய்களை ஒரு வரிசையாகப் போடுகிறது. பிறகு மழைக்காலம் முழுக்க நெருக்கமான, கெட்டியான நார். மறுபடி இலையுதிர்வு, வளர்ச்சி நிறுத்தம். இதனால் வருஷத்துக்கு ஒரு வளையம் தெளிவாக விழுகிறது. வெப்பமண்டல மரங்களில் இப்படி எண்ணத் தக்க வளையம் எல்லாவற்றுக்கும் கிடைப்பதில்லை. ஜாவாவின் தேக்குகளை வைத்து 1514 முதல் 1929 வரையிலான வளையக் கணக்கை பெர்லாகே என்ற டச்சு அறிஞர் 1931இல் வெளியிட்டார். நானூறு வருஷத்து மழையைக் கட்டையில் படித்த வேலை அது. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் நம் நாட்டுத் தேக்கு வளையங்களில் பழைய பருவமழைகளைத் தேடிவருகிறார்கள். மரம் இலை உதிர்க்காவிட்டால் இந்த ஏடே கிடையாது.

வெளிப்பக்கத்து வெள்ளை உயிருள்ள பகுதி. அதில் கரையானும் ஏறும், பூஞ்சையும் பிடிக்கும். உள்ளே வயதாகி ஓய்ந்த திசுவில் மரம் தன் ரசாயனங்களைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது. டெக்டோகுயினோன் என்பது அதில் ஒன்று, கரையானுக்கு ஆகாது. ரப்பர் வகைப் பொருளும் எண்ணெய்ப் பசையும் உண்டு. இழைத்த பலகையைத் தடவினால் கையில் வழவழப்பு தட்டுவது இதனால்தான். நீர் சீக்கிரம் ஊறாததும் இதனால்தான். சிலிக்காவும் கொஞ்சம் உண்டு. ரம்பத்தின் பல் மழுங்குகிறதே என்று அறுவை மில்லில் அலுத்துக்கொள்வது அதைத்தான். நாம் 'வைரம்' என்று காசு கொடுத்து வாங்குவது, வறட்சியிலும் புழுபூச்சியிலும் நூறு வருஷம் நிற்க மரம் தனக்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டை. 1817இல் பம்பாயில் மலபார் தேக்கில் கட்டிய டிரிங்கோமலி என்ற கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது.

விலைக்கு வந்துவிட்டோம். 1990களில் தேக்கு வளர்ப்பு என்ற பெயரில் ஊர் ஊராகப் பணம் திரட்டிய திட்டங்களை இந்தப் பத்தியைப் படிக்கும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். சில ஆயிரம் கட்டினால் இருபது வருஷத்தில் லட்சங்கள் என்றார்கள். போட்ட பணம் போன குடும்பங்கள் நிறைய. செபி இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது 1999இல். மரத்தின் தாவரவியலில் அரைப் பக்கம் படித்திருந்தால்கூட அந்தக் கணக்கில் சந்தேகம் வந்திருக்கும். வனத்துறைத் தோட்டங்களில் 50, 60 வருஷம் விட்டு வெட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. சின்ன வயதில் மரத்தில் பெரும்பங்கு வெள்ளைதான்.

ஆனால் மரவாடியில் சொல்லும் இன்னொன்றை நான் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. "இது வாய்க்கால் கரை மரம் சார், தண்ணி குடிச்சு ஓடி வளர்ந்தது, காட்டு மரத்துக்கு முன்னாடி நிக்காது" என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் கால்வாய்க் கரைகளில் வரிசையாக நிற்கும் தேக்கைத்தான் சொல்கிறார்கள். தேக்கு வேகமாக வளர்ந்தால் கட்டை இளப்பமாகிவிடும் என்பது அவ்வளவு நேர்க்கணக்கு அல்ல. அகலக் குழாய் வரிசை ஏறக்குறைய ஒரே அளவுதான். வளையம் அகலமாக அகலமாகக் கூடுவது பெரும்பாலும் பின்னால் வரும் கெட்டி நார். அகல வளையம் உள்ள தேக்கு பலம் குறைந்தது என்று அதனால் சொல்லிவிட முடியாது. பார்க்க வேண்டியது வயதும் வைரத்தின் அகலமும். கடைக்காரர் பலகையின் முகத்தைத்தான் காட்டுவார். கோடு அழகாக இருக்கும். வெட்டு முனையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல ஆசாரி கூட வந்தால் எச்சிலைத் தொட்டு அந்த முனையைத் துடைத்துவிட்டு வளையத்தை எண்ணுவார், வெள்ளை எத்தனை விரல்கடை என்று அளப்பார், பிறகுதான் பேரம்.