போதையும் நம் பிள்ளைகளும்

நெசவாளர் இல்லங்களிலும் உழவர் இல்லங்களிலும் இன்று பெற்றோர் மனத்தை அரிக்கும் கவலை ஒன்று உண்டு. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் மதுவுக்கும் கஞ்சாவுக்கும் மயக்க மாத்திரைகளுக்கும் இரையாகிவிடுவரோ என்பதே அது. இதனைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் வாளாவிருத்தல் தகுமா?

1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், தறிகள் மிகுந்த சேலம் மாவட்டத்தில்தான் ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-இல் அது மாகாணம் முழுவதற்கும் பரவிற்று, 1971-இல் தளர்ந்தது. இன்றும் 21 வயது நிரம்பாதோர்க்கு நம் மாநிலத்தில் மது விற்றல் ஆகாது. சிறுவர்க்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவர்க்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்க 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இடந்தருகிறது. எனினும் சட்டம் வரும், தளரும். வீட்டின் காவல் தளரலாகாது.

அக்காவல் தந்தையிடமிருந்தே தொடங்கவேண்டும். கூலி வாங்கிய மாலையில் மகனை அழைத்துச் சோடாவும் தம்ளரும் வாங்கிவரச் சொல்லும் தந்தை, மறுநாள் அவனுக்கு எந்த அறிவுரை கூறினும் அது செவியில் ஏறாது. திருமணத்திலும் கோவில் விழாவிலும் பெரியோர் குடித்தாடக் கண்ட சிறுவன், குடியே ஆண்மைக்கு அடையாளம் என்று எண்ணுவதில் வியப்பில்லை. மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது என்பர் மருத்துவர். இளம்பயிரில் பட்ட நஞ்சு விளைச்சல் வரை தொடரும் என்பதை உழவர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.

பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளர் அப்பொழுதே தறியை நிறுத்தி முடிகிறார். பத்து முழம் நெய்தபின் பார்ப்பதில்லை. பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தல், பழைய நண்பரை விலக்குதல், உறக்கம் கெடுதல், வீட்டுப் பணம் குறைதல் ஆகியவை அறுந்த இழைகளே. அப்போது அடிப்பதாலும் தெருவறியத் தூற்றுவதாலும் பயனில்லை. அருகிலமர்த்திப் பேசுக. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுக. 14446 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

ஒரு வீடு தனித்துச் செய்யவியலாததைப் பல வீடுகள் கூடிச் செய்யலாம் என்பதே கூட்டுறவுத் தத்துவம். ஐஸ்லாந்து நாட்டில் 1998-இல் 15, 16 வயதினருள் நூற்றுக்கு 42 பேர் முந்திய ஒரு மாதத்திற்குள் குடித்து வெறித்திருந்தனர். பள்ளிதோறும் பெற்றோர் கூடி உடன்படிக்கை செய்துகொண்டனர். இரவில் பிள்ளைகளை வெளியே அலைய விடவில்லை. அவர்களுடன் கூடுதல் நேரம் கழித்தனர். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பொருளுதவி செய்தது. 2016-இல் அத்தொகை 5 ஆகக் குறைந்தது.

நம் சங்கங்களும் இவ்வழியில் செல்லலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் கூடி, தங்கள் இல்ல விழாக்களில் மது வழங்குவதில்லை என்றும், பிறர் பிள்ளை தவறக் கண்டால் மறைக்காது அதன் பெற்றோரிடம் பரிவுடன் உரைப்போம் என்றும் தீர்மானிக்கலாம். மாலைவேளைகளில் சங்கக் கட்டடத்தைப் படிப்புக்கும் விளையாட்டுக்கும் திறந்துவிடலாம். இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை, மனவுறுதியே வேண்டும்.

சங்கத்தின் கடனை நாம் தவணை தவறாது அடைக்கிறோம். பிள்ளைகளுக்குப் பட்ட கடனையும் அவ்வாறே அடைப்போமாக.