‘நல்லா ஓடுதுங்க’ன்னு சொன்னா போதுமா?

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வரமாட்டார். நடக்கவிட்டுப் பார்ப்பார், சுழி பார்ப்பார், கறந்தும் பார்ப்பார். அதே ஆள் பழைய மெஷின் வாங்கும்போது மட்டும், வாட்ஸ்அப்பில் வந்த ரெண்டு போட்டோவையும் ‘நல்லா ஓடுதுங்க’ என்ற ஒற்றை வரியையும் நம்பி அட்வான்ஸ் போட்டுவிடுகிறார்.

ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு மகளிர் குழு, சாமையில் உமி நீக்கும் பழைய மெஷின் ஒன்றை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜவ்வாது மலையில் சாமை முக்கியமான பயிர். உமியோடு விற்பதைவிட அரிசியாக்கி விற்றால் கூடுதல் காசு. அதனால் குழுக் கடனில் மெஷின் வாங்குவது நல்ல யோசனைதான். விற்பவர் கடைக்காரர் இல்லை. கீழே சமவெளியில், வீட்டில் சும்மா கிடக்கும் மெஷினைத் தள்ளிவிடப் பார்க்கும் தனிநபர். ‘3 ஹெச்பி மோட்டார், காயில் மாத்தினதே இல்லை, நொய் அதிகம் விழாது’ என்கிறார்.

பணம் கைமாறுகிறது. குட்டி யானையில் ஏற்றி, அத்தனை வளைவுகளையும் தாண்டி மேலே கொண்டுவந்து இறக்கி, சாமையைக் கொட்டினால் பாதிக்குப் பாதி நொய். அரை மணி நேரத்தில் மோட்டார் தொடமுடியாத சூடு. அறுத்த சாமை மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, கடன் தவணைத் தேதியும் நெருங்குகிறது. என்ன செய்வது?

முதலில், அவசரப்பட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டு மோட்டாரைப் பிரிக்காதீர்கள். நம் ஊரில் பலரும் சறுக்குவது இங்கேதான். 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்கிய பொருளைப் பரிசோதித்துப் பார்க்க உங்களுக்கு நியாயமான வாய்ப்பு உண்டு. ஆனால், அது உங்கள் சொந்தப் பொருள் என்பதுபோல மாற்றங்கள் செய்துவிட்டாலோ, ‘வேண்டாம்’ என்று சொல்லாமல் நாள் கணக்கில் வைத்திருந்தாலோ, ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு பொதுவாக நஷ்டஈடு கேட்கலாமே தவிர, பொருளைத் திருப்பிக் கொடுப்பது கஷ்டம். ஓட்டும்போதே வீடியோ எடுங்கள். நேம் பிளேட்டைப் போட்டோ எடுங்கள். அன்றைக்கே விற்றவருக்கு அனுப்புங்கள்.

விற்றவர் பக்கமும் நியாயம் இருக்கலாம். திணைக்கோ வரகுக்கோ வைத்த செட்டிங்கில் சாமையைப் போட்டால் நொய் விழத்தான் செய்யும். தானியத்தில் ஈரப்பதம் சரியில்லை என்றாலும் விழும். அதனால் வீடியோ காலில் அவரைக் கூப்பிட்டு, அவர் சொல்கிறபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால் ‘நீங்கள் சொன்ன மாதிரி இல்லை, எங்களுக்கு வேண்டாம்’ என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். திருப்பி அனுப்புவது பற்றித் தனியாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை என்றால், இப்படி மறுத்துத் தெரிவித்தாலே போதும். நீங்களே வண்டி வைத்துக் கீழே இறக்கிக் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மலைமேல் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

‘நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே?’ என்று கேட்பீர்கள். அந்தச் சட்டம் வியாபாரிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. வீட்டில் கிடந்ததை ஒரே ஒருமுறை விற்ற தனிநபர்மீது அங்கே வழக்கு நிற்பது கடினம். பொருள் தரமாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பைக்கூட, சரக்கு விற்பனைச் சட்டம் பெரும்பாலும் வியாபாரம் செய்கிறவர்மீதுதான் வைக்கிறது. ஆனால், சொன்ன விவரப்படி பொருள் இருக்க வேண்டும் என்பது தனிநபருக்கும் பொருந்தும். அதனால் ‘நல்ல கண்டிஷன்’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ‘3 ஹெச்பி, காயில் மாத்தினதில்லை’ என்பதைப் பிடித்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவில் ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தும், வாயைத் திறக்காமல் ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார். அது மோசடி இல்லை என்கிறது சட்டம்! ஆனால் வாங்குபவர், ‘நீங்கள் மறுக்கவில்லை என்றால் குதிரை நன்றாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன்’ என்று சொல்லி, அதற்கும் விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். வாட்ஸ்அப் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே நமக்காக எழுதிவைத்த மாதிரி இருக்கிறது, இல்லையா?

ஆகவே பணம் போடும் முன் இப்படி ஒரு மெசேஜ்: ‘அண்ணா, மோட்டார் 3 ஹெச்பி, காயில் மாத்தினதில்லை, சாமைக்கு ஓடும்னு சொன்னீங்க. அதை நம்பித்தான் வாங்குறோம். மாறி இருந்தா இப்பவே சொல்லிடுங்க.’ நேர்மையானவர் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், அதுவே உங்களுக்குப் பதில்.

முடிந்தால் குழுவில் இருவர் நேரில் போய்விடுங்கள், கையில் உங்கள் நிலத்துச் சாமை பத்து கிலோவோடு. வெறுமனே ஓட்டிக் காட்டினால் எந்த மெஷினும் அழகாகத்தான் ஓடும். சாமையைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டி, அரிசியையும் நொய்யையும் தனித்தனியாக எடை போடுங்கள். மோட்டார் த்ரீ ஃபேஸா, சிங்கிள் ஃபேஸா, உங்கள் இடத்தில் எந்த லைன் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் ஒரே மூச்சில் கொடுக்காமல், ஊரில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தபின் மீதி என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு குறை தெரிந்தால், அந்த மீதியில் கழித்துக்கொள்ளச் சட்டத்திலும் இடமுண்டு. என்னைக் கேட்டால், பாதி தகராறு இப்படியே தீர்ந்துவிடும்.

அதையும் மீறி அவர் மசியவில்லையா? பணத்தை வாங்கிக்கொண்டு பொருளே தராமல் போனை அணைத்தவர் என்றால் போலீஸ். மற்றபடி இது சிவில் விவகாரம்; பொதுவாக 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்கு முன்பே, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கப் பார்க்கலாம். அங்கே கோர்ட் கட்டணம் கிடையாது. பெண்களுக்கும் பழங்குடியினருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் உதவி உண்டு. மலையில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர் என்பதால் இது ஆண்களுக்கும் பொருந்தும். கட்டணமில்லாத எண் 15100. போகும்போது அந்த வாட்ஸ்அப் மெசேஜ், பணம் அனுப்பிய ரசீது, ஓட்டிய வீடியோ மூன்றும் போனிலேயே இருக்கட்டும். பழைய சாட்டை அழித்துவிடாதீர்கள்.