பச்சை அடிக்கிறதுக்கு முதல் செசியைப் பாருங்க

பழைய ஆமி ட்ரக் ஒன்றை வளவுக்குள் இழுத்துவந்து, பெட்டியைக் கழற்றி, செசியைக் கட்டைமேல் தூக்கிவைத்து வேலை பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025இல்தான். அப்படிப்பட்ட நாட்டில் பழசைத் திருத்தி ஓட்டுவது வெறும் பொழுதுபோக்கு இல்லை. கைவேலை தெரிந்த பொடியன்களுக்கு அது சோறு.

என்ர எரிச்சல் வேற இடத்தில. யூடியூப்பில் வருகிற அந்த வீடியோக்களைப் பாருங்கள். முதல் நிமிடம் கிறைண்டர் பொறி பறக்கும். அடுத்த நிமிடம் செசி கரிக்கட்டை மாதிரிக் கறுப்பாய் மினுங்கும். கடைசியில் ஒலிவ் பச்சை, கதவில் இலக்கம், பின்னால் தார்ப்பாய், ஒரு மிலிட்டரி மியூசிக். கீழே ஆயிரம் பேர் கைதட்டுறாங்க. நடுவில் என்ன நடந்தது? கறளுக்கு என்ன செய்தார்கள்? அந்த ட்ரக் எங்கே ஓடினது? ரெண்டையும் ஒரே பெயின்டால மூடியாச்சு.

முதலில் கறள். லொறியின் செசி ஒரு ஏணி மாதிரி. நீளத்துக்கு இரண்டு சட்டங்கள், ‘ப’ வடிவில் மடித்த உருக்கு. இடையில் குறுக்குச் சட்டங்கள். பழைய லொறிகளில் இவற்றைப் பெரும்பாலும் றிவெற் அடித்துத்தான் பொருத்தியிருப்பார்கள். ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கி மற்றது மேட்டில் ஏறும்போது செசி கொஞ்சம் முறுகவேண்டும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பவும் வேண்டும். ‘ப’ சட்டத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும்தான் வளைவின் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குகின்றன. அதனால்தான் விளிம்பில் துளை போடாதே, குறுக்காக வெல்டிங் கோடு இழுக்காதே என்று லொறி செய்கிற கம்பனிகள் கைநூலில் எழுதிவைக்கின்றன. வெல்டிங் சூட்டில் பக்கத்து உருக்கின் குணம் மாறும். வெடிப்பு அந்தக் கோட்டின் ஓரத்திலேயே பிறக்கும். எங்கட ஆக்கள் செய்கிற முதல் வேலையே, கறள் தின்ற இடத்தில் ஒரு தகட்டை வைத்துச் சுற்றிவர வெல்டிங் அடிப்பது. மேலே புட்டி, அதுக்கு மேலே கறுப்பு. பார்க்க நல்லாத்தான் இருக்கும். பிறகு அதில ஐம்பது மூட்டை வெங்காயமும் நாலு கூலியாக்களும் ஏறுவாங்க.

களுதாவளையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று எந்த நேரமும் இருக்கு. உப்பு பிடித்த இரும்பைத் தேய்த்துவிட்டு அப்படியே பெயின்ட் அடித்தால் அடியில் கறள் தன்பாட்டில் வேலை பார்க்கும். நல்ல தண்ணியால் கழுவி, நன்றாகக் காயவைத்து, காய்ந்த கையோடு பிறைமர் அடிக்கவேண்டும். ஒரு இரவு விட்டாலே செம்மஞ்சள் பூத்துவிடும். இரட்டைத் தகடு சேருகிற இடங்கள்தான் ஆகமோசம். கறள், தான் தின்ற இரும்பைவிடப் பலமடங்கு இடம்பிடிக்கும். அது உள்ளுக்குள் வீங்கி இரண்டு தகட்டையும் பிரித்து, றிவெற்றின் தலையைத் தெறிக்கப்பண்ணும். வெளியில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல உருக்கு மணிபோலக் கேட்கும், செத்த உருக்கு ‘டொக்’ என்னும்.

செசி வளைந்திருக்கா என்று பார்க்க பெரிய மெசின் தேவையில்லை. சீமெந்துத் தரை, தூக்குக்குண்டு, சோக், நூல் போதும். நாலு மூலையிலும் குண்டை இறக்கித் தரையில் புள்ளி வையுங்கள். குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தால் நீளம் ஒன்றாயிருக்கவேண்டும். கழன்ற றிவெற்றுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு போல்ட்டைப் போடக்கூடாது. துளையைச் சீராக்கி, அதற்கு இறுக்கமாகப் பொருந்துகிற 8.8 அல்லது 10.9 தர போல்ட் போடவேண்டும். செசி இலக்கம் பொறித்த இடத்தில் கிறைண்டர் படவே கூடாது. அது போனால் உங்கட வாகனம் பதிவேட்டில் செத்தமாதிரி.

இன்னொன்று, வளவுக்குள் மணல் அடித்துக் கறள் எடுக்கிற பழக்கம். அந்த மணல்தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்ப வராது. பிரித்தானியா 1949இலேயே விதி போட்டு இதைத் தடுத்தது. பழைய இராணுவ பெயின்டில் ஈயம் இருக்கும், குரோமேற் இருக்கும். அதை உலர்ந்தபடி தேய்த்துப் பறக்கவிடுகிற இடத்துக்குப் பத்தடி தள்ளித்தான் பிள்ளை விளையாடுது, கொடியில் உடுப்புக் காயுது.

இனி மற்றக் கறள்.

“அது வெறும் இரும்புதானே தம்பி, அதுக்கு என்ன அரசியல்?” என்று கேட்பார்கள். வெறும் இரும்பென்றால் ஏன் திரும்பவும் அதே பச்சை? நீலம் அடிக்கலாம், சிவப்பு அடிக்கலாம். பச்சையைத் தேடி, நிழல் பார்த்துக் கலக்கிறது ஏன்? அந்த மிடுக்கு வேணும் என்பதால்தானே. எங்கட அம்மாமாருக்கு அந்த மிடுக்கின் அர்த்தம் வேற. 1987 முதல் 1990 வரை இந்திய ஆமியின் சக்திமான் லொறிகள் இந்த றோட்டில் ஓடின. பிறகு இலங்கை ஆமியின் ட்ரக்கும் பவளும். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதிமுகாமிலிருந்து 158 பேரைப் பிடித்து ஏற்றிக்கொண்டுபோனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. அதே வருடம் ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸ்காரரை இயக்கம் ஏற்றிக்கொண்டுபோய்ச் சுட்டது. பிறகு எங்கட ஊர்ப் பிள்ளைகளையும் இயக்கத்தின் வாகனங்கள் ஏற்றின. வாகனம் யாருடையதாக இருந்தாலும், ஏறினவர் வரும்வரை படலையில் நின்றது ஒரே ஆக்கள்தான்.

போர் வாகனத்தைப் ‘பாதுகாக்கிற’ வேலையை அரசு எப்படிச் செய்கிறதென்று ஆனையிறவில் பார்க்கலாம். ஏ9 வீதியோரம் ஒரு புல்டோசர் நிற்கிறது. 1991 ஜூலையில் புலிகள் அதற்கு இரும்புக் கவசம் வெல்டிங் பண்ணி முகாமை நோக்கி ஓட்டினார்கள். காமினி குலரத்ன என்ற சிப்பாய் அதில் ஏறிக் குண்டை வெடிக்கவைத்து, தானும் செத்தார். இப்போது அது ஒரு நினைவிடம். பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். அவருடைய துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே இடத்தில் மற்றப்பக்கம் செத்துப்போன நூற்றுக்கணக்கான பொடியன்களுக்கு ஒரு கல்லும் இல்லை. மண்ணைத் தள்ளி றோட்டுப் போடுவதற்கென்று செய்த ஒரு மெசின், அதைக் கவசமாக்கின கைகள், உள்ளே இருந்தவர்கள், எல்லாரும் ஒருவருடைய கதைக்குப் பீடமாகிவிட்டார்கள். பெயின்ட் அடிக்கிறவர் எதை மறைக்கலாம் என்றும் சேர்த்தே முடிவெடுக்கிறார். வளவுக்குள் பச்சை அடிக்கிற தம்பி இவ்வளவையும் யோசிக்கிறதில்லை என்று தெரியும். யோசிக்காமல் அடிக்கிறதுதான் எனக்குப் பிரச்சினை.

இதுக்கு நேரெதிரா, “ஆமிச் சாமானா? வெட்டிப் பழைய இரும்புக்குப் போடு” என்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இரும்புக்கடைக்குப் போனால் கிலோக்கணக்கில் காசு வரும், அதோட கதை முடிஞ்சுது. ஒரு நல்ல உருக்குச் சட்டத்தை ஏன் கொல்லவேண்டும்? இந்தியாவில் ஆமி கழித்துவிட்ட சக்திமான்கள் மலையில் மரம் இழுத்திருக்கின்றன. எங்கட ஊரில் வெற்றிலைக்கொடியும் வெங்காயமும் இருக்கு. படுவான்கரையிலிருந்து நெல் வரணும். உயரமான சில்லு, நாலு சில்லுக்கும் இழுவை: மாரியில் வயல்பாதைக்கு இதைவிட என்ன வேணும்?

ஆகவே செய்யுங்கள், ஆனால் உள்ளதைக் காட்டிச் செய்யுங்கள். வெல்டிங் போட்ட இடம் தெரியட்டும், அதற்கு மேல் புட்டி வேண்டாம். நாளைக்கு வாங்குகிறவன் தட்டிப் பார்த்து அறியட்டும். நிறம் உங்கட விருப்பம், பச்சையைத் தவிர. ஏதாவது ஒரு குறுக்குச் சட்டத்தில் ஒரு சாண் அளவுக்குப் பழைய பெயின்டைத் தேய்க்காமல் விட்டு, அதன்மேல் நிறமில்லாத வார்னிஷ் பூசுங்கள். பதிவுப் புத்தகத்தோட ஒரு கொப்பியும் வையுங்க. யார் வித்தது, அதுக்கு முதல் எந்த முகாமில நின்றது, ஊரில அதைப்பற்றி யார் என்ன சொன்னது என்று அதில எழுதுங்க. வயசான ஆக்களைக் கூட்டிவந்து காட்டிக் கேளுங்க. சிலர் கதைக்கமாட்டாங்க. அதையும் எழுதுங்க.