காருக்கு சென்ட் அடிக்காதீங்க

ஏசி போட்டதும் ஈர சாக்ஸ் நாத்தம் அடிக்கிற காரில் நீங்க ஒரு தடவையாவது போயிருப்பீங்க. அந்த காரில் பெரும்பாலும் இன்னொண்ணும் இருக்கும்: ஏசி வென்ட்டில் மாட்டிய ஒரு சென்ட் பாட்டில். லெமன், லாவெண்டர், மல்லி, ஏதோ ஒண்ணு. ரெண்டும் கலந்து வர்ற வாசனைக்கு தமிழில் இன்னும் யாரும் பேர் வைக்கலை. என் கருத்து ரொம்ப சிம்பிள். அந்த பாட்டிலுக்குக் கொடுக்கிற காசு வீண். வீண் மட்டும் இல்ல, கார் நமக்குச் சொல்ல வர்ற ஒரு விஷயத்தை அது வாயை மூடி அடக்குது.

நாத்தம் எங்கிருந்து வருது? டேஷ்போர்டுக்கு உள்ளே எவாப்பரேட்டர் இருக்கு. மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமா அடுக்கிய ஒரு பெட்டி. தெர்மல் பேப்பரில் சைக்ரோமெட்ரிக் சார்ட் வச்சு மாங்கு மாங்குன்னு கணக்கு போட்டோமே, அதை இப்போ எடுங்க. சென்னையில் 30 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம்னு வச்சுக்கலாம். ஒரு கிலோ காற்றில் கிட்டத்தட்ட 19 கிராம் நீராவி இருக்கும். அதே காற்றை 10 டிகிரிக்குக் குளிர வச்சா, 8 கிராமுக்கும் குறைவாகத்தான் தாங்கும். மீதி 11 கிராம் அந்தத் தகடுகள் மேல தண்ணியா இறங்குது. பார்க்கிங்கில் காருக்கு அடியில் சொட்டுறது இந்தத் தண்ணிதான். அதைப் பார்த்து பயப்பட வேண்டாம், சொட்டலைன்னாதான் யோசிக்கணும்.

பிரச்சினை ஆரம்பிக்கிறது காரை நிறுத்தின பிறகு. எஞ்சினை அணைச்சதும் குளிர்ச்சி போயிடும், ஆனா தகடுகள் நனைஞ்சே இருக்கும். ரோட்டுத் தூசி, இருட்டு, ஈரம், வெயிலில் நிக்கிற காரின் சூடு. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிட நல்ல ஹாஸ்டல் கிடைக்காது. பக்கெட்டில் ரெண்டு நாள் ஊறவிட்ட துணி என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். அதே கதைதான். மறுநாள் ஏசி போட்ட உடனே முதல் காற்று அதன் மேல உரசி நேரா நம்ம மூக்குக்கு வருது. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, அலர்ஜி இருந்தா, இது வெறும் நாத்தத்தோட நிக்காது.

ஆக, செய்ய வேண்டியது உலர வைக்கிறது. வீடு வர 3, 4 நிமிஷம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் ஆஃப் பண்ணிட்டு, பிளோவரை நல்லா ஓட விடுங்க. வெளிக்காற்று உள்ளே வர்ற மோடில் வைங்க. செலவு பூஜ்யம். அடுத்து கேபின் ஃபில்டர். நிறைய கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னாடிதான் இருக்கும், கழட்ட ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். வெளியே எடுத்துப் பார்த்தா இலை, முடி, பூச்சி எல்லாம் இருக்கும். காகித ஃபில்டரைக் கழுவி மாட்டாதீங்க, புதுசு போடுங்க. முன் சீட் கால் வைக்கிற இடத்தில் கார்பெட் ஈரமா இருந்தா டிரெய்ன் டியூப் அடைச்சிருக்கலாம். இவ்வளவுக்கும் போகலைன்னா எவாப்பரேட்டருக்குன்னு விக்கிற ஃபோம் கிளீனர் போடணும், இல்லை மெக்கானிக்கிடம் கொடுத்து சுத்தம் பண்ணணும்.

மெக்கானிக்னு சொன்னதும் ஞாபகம் வருது. "ஏசி நாறுது"ன்னு போனா "கேஸ் கம்மியா இருக்கு, ஏத்திடலாம்"னு சொல்றவங்க இருக்காங்க. ஆர்134ஏ மூடின குழாய்க்குள்ள சுத்துற கேஸ். அது வென்ட் வழியா வர்ற காற்றே கிடையாது. குளிர்ச்சி நல்லா இருந்தா, நாத்தத்துக்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லை. குளிர்ச்சியும் குறைஞ்சிருந்தா எங்கேயோ லீக் இருக்கலாம். அதை அடைக்காம மேல மேல ஏத்துறது காசை மட்டும் இல்ல, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல பூமியைச் சூடாக்குற ஒரு வாயுவையும் காற்றில் விடுறது.

சென்ட் மேல எனக்குக் கோபம் வர முக்கியக் காரணம் வேற. எல்லா நாத்தமும் பூஞ்சை இல்ல. இனிப்பா ஒரு வாசனை, கண்ணாடி உள்பக்கம் மங்குது, கூலன்ட் குறையுதுன்னா ஹீட்டர் கோர் கசியலாம். பிளாஸ்டிக் கருகுற வாசனைன்னா உடனே ஓரம் கட்டணும். புகை வாசனைன்னா அதோட கார்பன் மோனாக்சைடும் வரலாம், அதுக்குத் தனியா வாசனையே கிடையாது. இதையெல்லாம் கண்டுபிடிக்க நம்மகிட்ட இருக்கிற ஒரே சென்சார் மூக்கு. அதுக்கு முன்னாடி லாவெண்டரைத் தொங்க விடுறோம்.

சரி, கால் டாக்ஸி ஓட்டுறவர்கிட்ட போய் இதைச் சொல்ல முடியுமான்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம அரை மணி நேரம் மூக்கைப் பிடிச்சுட்டு இறங்கிடுவோம். அவர் நாள் முழுக்க அந்தக் காற்றில்தான் உட்கார்ந்திருக்கார். சவாரிக்குச் சவாரி எஞ்சினை அணைக்கிறதால எவாப்பரேட்டர் ஈரமாவே கிடக்கும். கடைசி 3 நிமிஷம் ஏசியை நிறுத்தினா, "காசு கொடுக்கிறோம்ல, ஏன் ஆஃப் பண்ணீங்க?"ன்னு பின்சீட்டில் இருந்து குரல் வரும். நிறுத்தலைன்னா நாத்தத்துக்கு ஒரு ஸ்டார். அவர் பாட்டில் வாங்குறதுல எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த 3 நிமிஷத்தை நாம பொறுத்துக்கிட்டா அவருக்கு அது தேவைப்படாது.

சில புது கார்களில் வண்டியை நிறுத்தின பிறகு பிளோவர் தானா கொஞ்ச நேரம் ஓடி எவாப்பரேட்டரை உலர்த்துற வசதி வந்திருக்கு. அது ஏன் விலை குறைஞ்ச கார்களிலும் டாக்ஸிகளிலும் வரக்கூடாது? ஒரு டைமர், ஒரு ரிலே, பேட்டரி வோல்டேஜ் இறங்கினா கட் ஆகிற ஒரு சர்க்யூட். நம்ம இசிஇ, இஇஇ மக்கள் ஒரு வாரத்தில் முடிக்கிற வேலை. ஜீரோத் ரிவ்யூவுக்கு இன்னும் டைட்டில் கிடைக்காம அலையுறவங்க எடுத்துக்கலாம், எனக்கு கிரெடிட்கூட வேண்டாம்.