மூட்டைக்குள்ளே என்ன?

மாடு புல்லைத் தின்னும். அந்த மாட்டை மனிதன் தின்பான். பள்ளிப் பிள்ளையும் அறிந்த பாடம் இது. ஆனால், மாட்டுக்கு மாட்டையே தின்னக் கொடுத்தவர்கள் யார்? காட்டிலே வாழ்ந்த கல்லாதவர்களா? இல்லை, தோழர்களே, இல்லை! ஆலை வைத்து, ஆய்வுக்கூடம் வைத்து, அணா பைசா பிசகாமல் கணக்கெழுதும் கணக்கரையும் வைத்திருந்த பிரிட்டன் நாட்டுத் தீவன வணிகச் சீமான்கள்!

பழைய கதையை இன்று ஏன் கிளறுகிறோம்? காரணம் இருக்கிறது. இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடுகளுக்கு 'மாற்றுத் தீவனம்' தேடும் பேச்சு பல நாடுகளிலே ஓங்கி ஒலிக்கிறது. மக்காச்சோளம் விலை ஏறுகிறது, சோயாப் புண்ணாக்கு விலை ஏறுகிறது, "மலிவாக வேறு என்ன கிடைக்கும்?" என்று பண்ணைக்காரர் கேட்கிறார். கேட்கட்டும். அந்தக் கேள்வியிலே குற்றம் இல்லை. விடையைச் சொல்பவன் யார், விற்பவன் யார், மூட்டைக்குள்ளே இருப்பது என்ன — இவற்றைத்தான் நாம் எண்ணிப் பார்த்திட வேண்டும்.

மாற்றுத் தீவனத்துக்கு நாம் பகைவரல்லர். மாட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்ட ஓர் ஆலை. அதன் முதல் அறையிலே கோடானுகோடி நுண்ணுயிர்கள் இரவு பகல் பாராமல் உழைக்கின்றன. கூலி உயர்வு கேட்பதில்லை, கொடி பிடிப்பதில்லை! மனிதன் விழுங்கினால் சீரணிக்காத வைக்கோலையும் சக்கையையும் இறைச்சியாக மாற்ற உதவுகின்ற உழைப்பாளிகள் அவைதாம். ஆகவே, மனிதன் உண்ணக்கூடிய தானியத்தை மாட்டின் தொட்டியிலே கொட்டுவதைக் காட்டிலும், மனிதன் உண்ண முடியாததைக் கொடுப்பது அறிவுடைமை. கழுநீரும் தவிடும் புண்ணாக்கும் கலந்து வைத்த நம் வீட்டுத் தாய்மார்கள் எந்தக் கல்லூரியிலும் படிக்காமலே அறிந்திருந்த உண்மை இது.

ஸ்காட்லாந்திலே விஸ்கி வடித்த பிறகு மிஞ்சும் பார்லிச் சக்கை மாட்டுக்குப் போகிறது. அமெரிக்காவிலே மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் வடித்து, பெட்ரோலோடு கலந்து வண்டி ஓட்டுகிறார்கள். சோளத்து மாவுப்பொருள் சாராயமாகிப் போக, எடையிலே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம் செறிந்த சக்கையாகத் திரும்பி வருகிறது. அது மாட்டுக்கு. சர்க்கரைப் பீட்ரூட்டின் சக்கை, பருத்தி விதை, பழைய ரொட்டி — பட்டியல் நீளமானது. நல்ல பட்டியல்தான்.

ஆனால், ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. எத்தனால் சக்கையிலே கந்தகம் மிகுந்தால் மாட்டின் மூளையே கெடும். பருத்தி விதையிலே காசிப்பால் என்றொரு நச்சுப்பொருள் இருக்கிறது. வளர்ந்த மாடு ஓரளவு தாங்கும், இளங்கன்று தாங்காது. யூரியாவைச் சிறிதளவு சேர்த்தால் வயிற்று நுண்ணுயிர்கள் அதைக்கொண்டு புரதம் ஆக்கித் தரும். அளவு மீறினால் அதே யூரியா எமனாகும். ரொட்டியை மிகுதியாகக் கொட்டினால் வயிற்றிலே அமிலம் பெருகி மாடு சாயும். அறிந்து கொடுத்தால் தீவனம். அறியாமல் கொடுத்தால் நஞ்சு. இதிலே இரண்டாம் கருத்துக்கு இடமே இல்லை.

அறிந்து கொடுத்தனரா பிரிட்டனிலே? இறைச்சிக்கூடத்திலே எஞ்சிய எலும்பு, குடல், கொழுப்பு ஆகியவற்றைக் கொழுப்புருக்கும் ஆலையிலே வேகவைத்து, கொழுப்பை வடித்தெடுத்து, மிச்சத்தைத் தூளாக அரைத்தனர். 'இறைச்சி எலும்புத் தூள்' என்று அதற்குப் பெயர். புரதம் மிகுந்தது, விலை மலிந்தது. தீவன ஆலைகள் அதைக் கலந்து மூட்டை கட்டின. மூட்டையின் மேலே புரதம் எத்தனை விழுக்காடு என்ற கணக்கு இருந்தது. தன் மாடு மாட்டைத் தின்கிறது என்பது, பணம் கொடுத்து வாங்கிய பண்ணைக்காரர் பலருக்குத் தெரியாது!

1984 டிசம்பரில், சசெக்ஸ் பகுதியிலே ஒரு பசு தலை நடுங்கி, கால் தடுமாறி நின்றது. சில வாரங்களிலே செத்தது. 1986 நவம்பரில், அரசாங்கத்தின் கால்நடை ஆய்வுக்கூடம் புதுநோய் இது என்று கண்டறிந்தது. மூளை கடற்பஞ்சுபோலத் துளை துளையாகிப் போகும் நோய். 'பைத்திய மாட்டு நோய்' என்று உலகம் அழைத்தது. மாட்டுக்கா பைத்தியம்? மாட்டுக்கு மாட்டை ஊட்டிய வாணிபத்துக்குப் பிடித்த பைத்தியத்தை, வாயில்லாப் பிராணியின் தலையிலே கட்டிவிட்டார்கள்!

நோயின் வித்து பிரியான் எனப்படும் உருத்திரிந்த புரதம். கொதிக்க வைத்தாலும் அழியாதது. ஒரு நோய்மாட்டின் மிச்சம் ஆலைக்குள்ளே போய், தூளாகி, நூறு தொட்டிகளிலே விழுந்தது. 1987 முடிவதற்குள், நோய்க்கு வழி தீவனத் தூள்தான் என்று அரசாங்க ஆய்வாளர் ஜான் வைல்ஸ்மித் கண்டு சொன்னார். 1988 ஜூலையிலே தடை வந்தது. அசைபோடும் கால்நடைகளுக்கு அசைபோடும் கால்நடைகளின் தூளைக் கொடுக்கக் கூடாது என்றனர்.

தடை வந்தது, நோய் நின்றதா? நிற்கவில்லை! பன்றிக்கும் கோழிக்கும் அதே தூள் தொடர்ந்து போயிற்று. ஒரே ஆலை, ஒரே எந்திரம். ஒரு தீவனத்தின் ஒட்டு மறு தீவனத்திலே கலந்தது. நோயுற்ற மூளையிலே ஒரு கிராம் போதும், ஒரு மாட்டைக் கொல்ல! தடைக்குப் பிறகு பிறந்த கன்றுகளிலே மட்டும் 40,000-க்கு மேல் நோய் கண்டது. எல்லாப் பண்ணை உயிர்களுக்கும் அந்தத் தூள் கூடாது என்ற முழுத் தடை வந்தது 1996-இல். எட்டாண்டுக் காலம் கதவை அரைகுறையாகச் சாத்தி வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். நோய் கண்ட மாட்டை ஒப்படைத்த பண்ணைக்காரருக்கு 1988-இலே கொடுத்த ஈடு, பாதி விலை. முழு விலை தந்தது 1990 பிப்ரவரியில். மறைத்தால் முழுக் காசு, உண்மை சொன்னால் பாதிக் காசு! உண்மைக்கு அபராதம் விதித்துவிட்டு, ஊர் உண்மை பேசவில்லையே என்று வியப்பதா?

1990 மே மாதம் வேளாண்மை அமைச்சர் ஜான் கம்மர், பத்திரிகைப் படக்காரர்களுக்கு முன்னாலே, நான்கு வயதுச் சொந்த மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை ஊட்ட முயன்றார். அச்சமில்லை என்று காட்டினார் அமைச்சர் பெருமான். 1996 மார்ச் 20-ஆம் நாள், சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் பாராளுமன்றத்திலே எழுந்து நின்று, புதுவகை மூளை நோய் கண்ட 10 பேரைப் பற்றிச் சொன்னார். மாட்டு நோயோடு அதற்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டார். அந்த ஆறாண்டுகளிலே உண்டவர்கள் உண்டுகொண்டே இருந்தனர்.

உண்டவர் யார்? நல்ல தசைக்கண்டம் வாங்கத் தகுந்தவர் தசைக்கண்டம் வாங்கினர். பால் வற்றிய கிழட்டு மாட்டின் எலும்போடு ஒட்டியதை எந்திரத்தால் சுரண்டி எடுத்து, அரைத்து, மலிவான பண்டங்களிலே சேர்த்தனர். அதன் வழியாகவே நோய் மிகுதியும் மனிதருக்கு ஏறியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர் கருதினர். புல்வெளியிலே தாயோடு மேய்ந்த இறைச்சி மாட்டு மந்தைகளிலே நோய் குறைவு. தீவன மூட்டையை நம்பிய பால்மாட்டு மந்தைகளிலே மிகுதி. மலிவு என்று வாங்கியவன் தலையிலேதான் இடி விழுந்தது. பிரிட்டனிலே அந்த மூளை நோய்க்கு இரையானோர் 178 பேர். அவர்களிலே பலர் வாழத் தொடங்கிய வாலிபர்கள். நோய் கண்ட மாடுகள் 1,80,000-க்கு மேல். நோய் பரவாதிருக்க வெட்டி அழிக்கப்பட்டவை 40 இலட்சத்துக்கு மேல்!

2000 அக்டோபரில் வெளிவந்த பிலிப்ஸ் பிரபுவின் விசாரணை அறிக்கை, அரசாங்கம் மக்களிடம் பொய் சொல்லவில்லை என்றே கூறிற்று. மக்கள் கலங்கிவிடக் கூடாதே என்பதிலேயே குறியாக இருந்து, ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது தவறு என்றும் கூறிற்று. பொய் சொல்லாமலே மக்களை ஏமாற்றலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்றைய நிலை என்ன? ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் தடையைத் தளர்த்தி, கோழிப் புரதத்தைப் பன்றிக்கும், பன்றிப் புரதத்தைக் கோழிக்கும் தர இடமளித்தது. மாட்டுக்கு மட்டும் தடை நீடித்தது. அமெரிக்காவிலே கோழிக்கூண்டின் எச்சத்தை, அதாவது கழிவும், இறகும், சிந்திய தீவனமும் கலந்ததை, மாட்டுத் தீவனத்திலே சேர்ப்பதைத் தடைசெய்யப் போவதாக 2004 ஜனவரியில் அரசு அறிவித்தது. 2005-இல் வந்த வரைவிலே அந்தத் தடையைக் காணோம்! சிந்திய கோழித் தீவனத்திலே மாட்டுத் தூள் இருக்கலாமே என்று கேட்டவர்கள் கேட்டபடியே நின்றனர். 2025-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலே மீண்டும் ஒரு மாட்டுக்கு இந்நோயின் அரிய வகை கண்டது. முதுமாடுகளிலே தானாகவே தோன்றக்கூடியது அந்த வகை என்கிறார்கள் அறிஞர்கள். அன்றிருந்ததுபோலத் தூள் ஆலை ஓடிக்கொண்டிருந்தால், அந்த ஒரு மாடு ஆயிரமாகியிருக்காதா?

எனவேதான் நாம் சொல்கிறோம்: மாற்றுத் தீவனம் வேண்டும். சக்கையும் வைக்கோலும் வீணாகக் கூடாது. ஆனால், மூட்டையிலே என்ன இருக்கிறது என்பது மூட்டையின் மேலே எழுதப்பட வேண்டும், பண்ணையாள் படித்தறியும் மொழியிலே! ஆலையைச் சோதிப்பவன் ஆலைக்காரனின் ஆளாக இருத்தல் ஆகாது. ஆலையிலே மூட்டை கட்டும் தொழிலாளிக்கு, கலப்பது என்ன என்று கேட்கும் உரிமை வேண்டும். கேட்டதற்காக வேலை போகாது என்ற உறுதியும் வேண்டும். நோயை ஒளிக்காமல் சொல்பவனுக்கு முழு ஈடு வேண்டும்.

மாடு கேட்காது, அதற்கு வாயில்லை. உண்பவன் கேட்கலாம், உழைப்பவன் கேட்கலாம், அவர்களுக்கு வாயிருக்கிறது. அடுத்த முறை எவரேனும் "மலிவு" என்று கூவி மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினால், விலையைக் கேட்குமுன் இதைக் கேளுங்கள், தோழர்களே:

மூட்டைக்குள்ளே என்ன?